எஸ்எம்பிஎஸ்ஸின் வயதைக் கேளுங்கள்!

2000ஆம் ஆண்டில் வாங்கிய ஏடிஎக்ஸ் கேபினட் ஒன்று வீட்டில் கிடக்கிறதா? பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, இந்த வாரம் கடைக்கு வந்த புது மதர்போர்டை வைத்துப் பாருங்கள். திருகு ஓட்டைகள் அச்சு மாறாமல் பொருந்தும். கீபோர்டு, யூஎஸ்பி, நெட்வொர்க் கேபிள்கள் நுழையும் பின்பக்கத்துச் செவ்வகத் திறப்பும் பொருந்தும். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறைதான் இதற்குக் காரணம். முழு அளவு போர்டுக்கு 305க்கு 244 மில்லிமீட்டர். 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு 244க்கு 244. அதற்குப் பிறகு ப்ராசஸர் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டது. திருகு ஓட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குப் போக வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். 2017க்கு முன்பு வாங்கிய பெரும்பாலான இயந்திரங்கள் இந்த வாசலைத் தாண்டாது. உலகம் முழுவதும் 24 கோடி கம்ப்யூட்டர்கள் இதனால் குப்பைக்குப் போகலாம் என்று கெனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியிலேயே கணக்குச் சொன்னது. நம் காரைக்குடி போன்ற கல்லூரி ஊரில் இதன் விளைவு கண்ணுக்கே தெரியும். ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் ஓரங்கட்டப்பட்ட கேபினட்கள் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கப்படுகின்றன. வீடுகளில் பரணுக்குப் போகின்றன. கொஞ்ச நாளில் எடைக்குப் போய்விடும்.

அவற்றில் எதை எடுத்து மறுபடி உபயோகிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் கேள்வி. இரண்டே பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒன்று கேபினட். இன்னொன்று அதற்குள் மூலையில் உட்கார்ந்திருக்கும் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை. வாங்கும்போது இரண்டும் ஒரே பெட்டியில் வருவதால், மறுபடி உபயோகிக்கும்போதும் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பழைய பொருளை மறுபடி உபயோகிப்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் போதும். இடிக்கப்பட்ட நகரத்தார் வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் பாத்திரங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள் என்று கடை கடையாக நிற்கும். சென்னையிலும் பெங்களூரிலும் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இங்கிருந்து கதவு போகிறது. நூறு வருடத்துக் கதவை வாங்கிப்போய் நிலையில் பொருத்துகிறவர், அதே வீட்டின் பழைய துணி சுற்றிய மின் ஒயரையும் பிடுங்கிக்கொண்டுபோய்ப் புதுச் சுவரில் பதிப்பாரா? மாட்டார். கேபினட் அந்தத் தேக்குக் கதவு. எஸ்எம்பிஎஸ் அந்த ஒயர்.

கேபினட்: தயங்க வேண்டாம்

பழைய கேபினட்டை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இன்று விலை குறைந்த கேபினட்களில் தகடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான். பழைய நல்ல கேபினட்களில் 0.8 மில்லிமீட்டர் வரை உண்டு. இன்றைய முகப்புக் கண்ணாடியும் வண்ண விளக்கும் அழகாக இருக்கலாம். கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் அவை தேவையில்லை. தகடு அதிராமல் இருந்தால் ஃபேன் சத்தம் குறையும்; போர்டு வளையாமல் உட்காரும்.

வேலை கொஞ்சம் இருக்கிறது. முதலில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள். பழைய போர்டுக்கு இருந்த இடத்தில் எல்லாம் புதுப் போர்டுக்கு ஓட்டை இருக்காது. ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிச்சம் இருந்தால், அது போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். புதுப் போர்டை மேலே பிடித்துப் பார்த்து, தேவையில்லாத காலை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். பின்பக்கத் தகடு புதுப் போர்டோடு வரும். பழையதைத் தட்டி எடுத்துவிட்டு அதை மாட்டினால் முடிந்தது. பவர் சுவிட்ச், ரீசெட், இரண்டு விளக்குகள் ஆகியவற்றின் சின்ன ஒயர்கள் இன்றைய போர்டுகளிலும் அப்படியே வேலை செய்யும். முகப்பு யூஎஸ்பி மட்டும் வேகம் குறைவாக இருக்கும். அது உறுத்தினால், பழைய டிவிடி டிரைவ் இருந்த திறப்பில் பொருத்தும் யூஎஸ்பி 3 முகப்புப் பலகை தனியாகக் கிடைக்கிறது.

ஹார்டு டிஸ்க் அடுக்குகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். எம்.2 எஸ்எஸ்டி போர்டிலேயே செருகிக்கொள்ளும்.

பொருந்தாதவையும் உண்டு. நீளமான கிராபிக்ஸ் கார்டு பழைய கேபினட்டின் டிரைவ் கூண்டில் போய் முட்டும். 160 மில்லிமீட்டர் உயரக் கூலர் வைத்தால் பக்கத் தகடு மூடாது. கேம் விளையாடவும் வீடியோ எடிட்டிங்குக்கும் அசெம்பிள் செய்கிறவர் புதுக் கேபினட் வாங்குவதே நியாயம். கடைக் கணக்கு, பிரவுசிங், பள்ளிப் பாடம், டிடிபி, ஜெராக்ஸ் கடை வேலை என்றால் இந்தத் தடைகள் எதுவும் குறுக்கே வராது. இந்த ஊரின் தேவையில் பெரும்பகுதி இவைதானே.

காற்று விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பழைய கேபினட்களில் 80 மில்லிமீட்டர் ஃபேன்தான் இருக்கும். அதன் எண்ணெயும் வற்றியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது ஒன்று மாட்டுங்கள். முன்பக்கம் அடைத்துக் கிடக்கும் தூசியை பிளோயர் வைத்து ஊதுங்கள். சித்திரை, வைகாசியில் சிவகங்கைச் சீமையின் வெயில் என்ன என்று நமக்குத் தெரியும். ஏசி இல்லாத அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, காற்று புகாத பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

உள்ளே காய்ந்துபோவது

எஸ்எம்பிஎஸ் செய்யும் வேலை இதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை முதலில் 325 வோல்ட் அளவுக்கு டிசியாக்குகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தில் அலை இருக்கும். அந்த அலையை அடக்கிச் சமமாக்கும் வேலை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுடையது. பேட்டரி போல உருளையாக நிற்குமே, அவைதான்.

அந்த உருளைக்குள் இருப்பது முழுக்க மின்வேதியியல். அலுமினியத் தாளின் மீது மின்சாரத்தால் வளர்த்த மெல்லிய ஆக்சைடு படலம். இடையில் திரவத்தில் நனைத்த காகிதம். அடியில் ரப்பர் அடைப்பு. கேபினட்டின் தகட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். தகடு சும்மா இருந்தால் சும்மாவே இருக்கும். இந்தத் திரவமோ ரப்பர் வழியே மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். திரவம் குறையக் குறைய உள் மின்தடை ஏறும். மின்தடை ஏற ஏற உருளை இன்னும் சூடாகும். சூடு இன்னும் வேகமாகத் திரவத்தை வற்ற வைக்கும். கடைசியில் தலைப்பகுதி உப்பி, சில நேரம் பழுப்பாகக் கசிந்து நிற்கும்.

இந்த அறிவியலுக்காகவே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊர் நம்முடையது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு அது ‘சிக்ரி’. துருப்பிடித்தல், மின்முலாம், பேட்டரி என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. ஓர் உலோகமும் ஒரு திரவமும் சேர்ந்து மின்சாரத்தைத் தாங்கினால், காலமும் வெப்பமும் அதை என்ன செய்யும் என்பது அந்தத் துறையின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. சிக்ரியின் மதிலைத் தினம் கடந்துபோகிற நாம், நம் மேசைக்கு அடியில் இருக்கும் கெப்பாசிட்டரின் வயதைக் கேட்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வயதைக் கணக்கிட எளிய வழி உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று முத்திரை குத்திய கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்வோம். அது 65 டிகிரியில் வேலை செய்தால் 32,000 மணி நேரம் வரும். தினம் 8 மணி நேரம் ஓடும் அலுவலகக் கம்ப்யூட்டரில் அது சுமார் 11 ஆண்டு. தூசி அடைத்து, ஃபேன் திணறி, அதே இடம் 75 டிகிரிக்கு ஏறினால் ஐந்தரை ஆண்டு. விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 85 டிகிரி கெப்பாசிட்டர் போட்டிருந்தால் கணக்கு இதைவிடவும் மோசம்.

‘உபயோகிக்காமல் பரணில் வைத்திருந்தது, புதுசு மாதிரிதான்’ என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். பல ஆண்டு மின்சாரமே பாயாமல் கிடந்தால் அந்த ஆக்சைடு படலம் பலவீனமாகும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் கூடும். போதாக்குறைக்கு, 1999 முதல் 2007 வரை கெட்ட திரவக் கலவையோடு செய்யப்பட்ட கெப்பாசிட்டர்கள் உலகச் சந்தை முழுக்கப் பரவின. பெரிய பெரிய பிராண்டுகளின் மதர்போர்டுகளே அவற்றால் செத்தன. அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுவதே சரி.

யூபிஎஸ் மீது பழி போடுவதற்கு முன்

இந்த மூப்பு காட்டும் ஓர் அறிகுறி நம் ஊரில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கரண்ட் போகிறது; யூபிஎஸ் ‘பீப்’ என்கிறது; ஆனாலும் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. உடனே ‘பேட்டரி போச்சு’ என்று புதுப் பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். பிறகும் அதே கதை. சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாற நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் எடுக்கும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டர் தன் சேமிப்பிலிருந்து தாங்க வேண்டும். ஏடிஎக்ஸ் விதிப்படி ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் தாங்கியாக வேண்டும். வற்றிப்போன கெப்பாசிட்டர் அதில் பாதிகூடத் தாங்காது. பேட்டரி மாற்றியும் பிரச்சினை தீரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் எஸ்எம்பிஎஸ்தான்.

இன்னொன்று. பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயிண்டுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவை சுமார் 115 வோல்ட்டைப் பெட்டி முழுக்க மிதக்க விடுகின்றன. கேபினட்டையோ போர்டையோ குறை சொல்லி மாற்றுவதில் பயனில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட வேண்டும். இரும்புப் பெட்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு இது முதல் செலவு.

லேபிளை எப்படிப் படிப்பது

‘450 வாட்ஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12 வோல்ட், 14 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 168 வாட்ஸ். இன்றைய கம்ப்யூட்டருக்குப் பயன்படக்கூடிய பலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஏன் 12 வோல்ட்? 2000க்கு முன்பு ப்ராசஸர்கள் பெரும்பாலும் 5 வோல்ட் வழியிலிருந்து மின்சாரம் எடுத்தன. அதனால் அந்தக் கால எஸ்எம்பிஎஸ்களில் 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் வரை கொட்டிக் கிடக்கும். 12 வோல்ட்டில் இழுபறியாக இருக்கும். பென்டியம் 4 வந்தபோது ப்ராசஸருக்கென்று தனியாக நான்கு முனை 12 வோல்ட் இணைப்பு வந்தது. 2003இல் முதன்மை இணைப்பு 20 முனையிலிருந்து 24 முனை ஆனது. இன்று ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் உயிர் 12 வோல்ட். கோர் ஐ5 12400 போன்ற சாதாரண ப்ராசஸரே வேகமெடுக்கும்போது 117 வாட்ஸ் வரை இழுக்கும்.

இணைப்புகளே வயதுச் சான்றிதழ். 20 முனை மட்டும் இருக்கிறதா, சாட்டா இணைப்பு ஒன்றுகூட இல்லையா, அந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் புதுப் போர்டுக்குக் கொடுக்காதீர்கள். மாற்று கேபிள் போட்டால் செருகலாம், ஓடவும் ஓடும். நல்ல நாளில் ஓடுவது வேறு, மதியம் இரண்டு மணி லோ வோல்ட்டேஜில் ஓடுவது வேறு. அச்சில் வார்த்த மலிவான மோலெக்ஸ்–சாட்டா மாற்று கேபிள்கள் உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உலகம் முழுவதும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய பிராண்டுகளின் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் வேறொரு பொறி இருக்கிறது. 1990களின் இறுதியில் டெல் நிறுவனம் பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் இணைப்பில் ஒயர்களின் வரிசையை மாற்றி வைத்திருந்தது. அதைச் சாதாரண போர்டில் செருகி ஆன் செய்தால் போர்டு கருகிவிடும். இப்போது வரும் டெல், ஹெச்பி, லெனோவோ அலுவலக மாடல்கள் பலவற்றில் இணைப்பின் வடிவமே வேறு. போர்டின் அளவும் வேறு. கிடைக்கிற எல்லாப் பழைய பெட்டியையும் மறுபடி உபயோகிக்க முடியாது. பிராண்டட் பெட்டி என்றால் அதற்குரிய போர்டோடு சேர்த்து லினக்ஸ் போட்டு ஓட்டுவதே நல்லது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுக்க வேண்டாம்.

சோதனை

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியே ஆன் செய்ய, பெரிய இணைப்பில் இருக்கும் ஒரே ஒரு பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் சேர்ப்பது எல்லா சர்வீஸ் மெக்கானிக்குக்கும் தெரிந்த வழி. புதிய கேபிள்களில் எல்லாமே கறுப்பாக இருப்பதால் முனையின் இடம் தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது. ஃபேன் சுற்றிவிட்டால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுற்றுவதற்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றையாவது சுமையாக மாட்டி, மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் நடுவே, 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் நடுவே நிற்க வேண்டும்.

அலையை மல்டிமீட்டர் காட்டாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் அலை இருக்கக் கூடாது என்பது விதி. அதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் உள்ள ஊரில் ஆஸிலோஸ்கோப்புக்குப் பஞ்சம் இல்லை.

பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை பலருக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே உப்பிய தலைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு இப்படி. நல்ல நிறுவனத்தின் தயாரிப்பு, மின்திறனுக்கான 80 பிளஸ் முத்திரை, ஐந்து வயதுக்குள் என்றால் தாராளமாகப் புது அசெம்பிளில் மாட்டலாம். நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு ஐந்து, ஏழு, பத்து ஆண்டு வாரண்டி தருகிறார்கள். அது முடியாமல் இருந்தால் தூக்கிப் போடுவதுதான் வீண். ஐந்திலிருந்து பத்து வயது என்றால் சோதித்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லாத சின்ன இயந்திரத்துக்கு மட்டும். பத்தைத் தாண்டினால் வேண்டாம். கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் எந்த வயதிலும் வேண்டாம். போர்டு, ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி என்று பல ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, அவை எல்லாவற்றின் உயிரையும் அந்த ஒரு பெட்டியிடம் கொடுக்க வேண்டாம். கேபினட்டில் மிச்சம் பிடித்த பணத்தை அப்படியே எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

மின் கட்டணத்திலும் அது கொஞ்சம் திரும்பி வரும். 100 வாட்ஸ் தேவைப்படும் கம்ப்யூட்டருக்கு 70 சதவீதத் திறனுள்ள பழைய எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 143 வாட்ஸ் இழுக்கும். 85 சதவீதம் என்றால் 118. தினம் 8 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 70 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். பத்துக் கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம் இதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளட்டும்.

வேண்டாம் என்று ஒதுக்கிய எஸ்எம்பிஎஸ் எங்கே போகிறது என்பதும் நம் பொறுப்பு. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பங்கு ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவர்களின் நுரையீரல் வழியாகப் போகிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், பெரிய அளவில் உபயோகிக்கும் நிறுவனங்கள் தங்கள் கழிவைப் பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம்தான் கொடுக்க வேண்டும் என்கின்றன. புதுப்பித்தலையும் விதியே ஒரு தொழிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது முக்கியம்.

கல்லூரிகளும் அலுவலகங்களும் பழைய கம்ப்யூட்டரைக் கண்டம் செய்யும்போது ‘கம்ப்யூட்டர் – இத்தனை எண்ணம்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகின்றன. கேபினட்டுக்கு ஒரு வரி, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதன் வயதோடும் 12 வோல்ட் ஆம்பியரோடும் இன்னொரு வரி என்று அந்தப் பட்டியல் மாறினால், நல்ல இரும்புப் பெட்டிகளை அடுத்த ஆய்வகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; காய்ந்துபோன எஸ்எம்பிஎஸ்களை மட்டும் மறுசுழற்சிக்கு அனுப்பலாம். கடைக்காரர்களும் கொட்டேஷனில் ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று சேர்த்து எழுதாமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பெயரையும் ஆம்பியரையும் தனியாகக் குறிப்பிடட்டும். எழுதித் தராத கடையில் நாம் கேட்டு வாங்க வேண்டும்.